இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடும் அமிலம்: எதுக்களிப்பை அடக்கித் தூக்கத்தை மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் அம்மா ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தூக்க மாத்திரை சாப்பிட்டார். பத்தேகாலுக்குப் படுப்பார், படுத்தவுடன் தூங்கியும் விடுவார். ஒன்றரை, இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். தொண்டையைச் செருமுவார், இரண்டு முறை இருமுவார், சொம்புத் தண்ணீரை எடுத்து நாலு வாய் குடிப்பார். அதன் பிறகு பொழுது விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பார். நெஞ்சு எரிகிறதா என்று நாங்கள் கேட்கவில்லை. அவருக்கு எரியவும் இல்லை. வயதானால் தூக்கம் குறையும் என்று சொல்லி நாங்களே அதை ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

விடாத இருமலுக்காக இரைப்பைக் குடல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப்போனபோது அவர் இருமலைப் பற்றிக் கேட்டுவிட்டு, "விழித்த பிறகு எங்கேயாவது தூக்கம் வருகிறதா அம்மா?" என்றார். "கூடத்துச் சாய்வு நாற்காலியில்தான் கொஞ்சம் கண் அசருகிறேன்" என்றார் அம்மா. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். படுத்தால் கலைகிற தூக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் வருகிறது என்றால், கோளாறு தூக்கத்தில் மட்டும் இல்லை, இரைப்பையிலும் இருக்கலாம் என்று விளக்கினார்.

அந்த ஒரு துப்பு கிடைக்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. உங்கள் வீட்டில் அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. அம்மாவுக்காகப் படித்ததையும், மருத்துவர் சொல்லிக் கடைப்பிடித்ததையும், அதே வரிசையில் தருகிறேன். வரிசை முக்கியம். முதலில் அமிலத்தை அடக்க வேண்டும், பிறகுதான் தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

தொடங்குவதற்கு முன்

நெஞ்சில் பாரம், இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் வாயு என்று சொல்லிக்கொண்டு ஓமத் தண்ணீர் குடிக்காதீர்கள். நம் ஊரில் மாரடைப்புக்கு வாயுப் பிடிப்பு என்று பெயர் வைத்தே பல உயிர்கள் போயிருக்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் மேல்வயிற்று வலியாகவும் வரலாம். அந்த நேரத்தில் தேவை 108 ஆம்புலன்சும் இ.சி.ஜி.யும்தான்.

விழுங்கும்போது உணவு நெஞ்சில் சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், இரத்தசோகை, நிற்காத வாந்தி ஆகியவை இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

இரவில் அமிலம் ஏன் மேலேறுகிறது?

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. சுருக்குப் பையின் வாயைப் போல, விழுங்கும்போது திறந்து மற்ற நேரத்தில் மூடியிருக்கும். அது தளர்ந்தாலோ, தேவையில்லாத நேரத்தில் திறந்தாலோ அமிலம் மேலே வரும். இதுதான் எதுக்களிப்பு. பகலில் இது எல்லோருக்கும் கொஞ்சம் நடக்கிறது. ஆனால் நின்றாலும் நடந்தாலும் புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துவிடும். விழித்திருக்கும்போது நாம் அறியாமலே ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை எச்சில் விழுங்குகிறோம். எச்சிலில் அமிலத்தை முறிக்கும் காரத்தன்மை உண்டு. மேலேறிய அமிலத்தை இவை கழுவிவிடும்.

தூங்கும்போது இந்தப் பாதுகாப்புகள் எல்லாமே போய்விடுகின்றன. எச்சில் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும், விழுங்குவது மிக அரிதாகும், உடலோ படுத்திருக்கும். போதாததற்கு, இரைப்பையில் அமிலச் சுரப்பு உச்சத்துக்குப் போவது இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரைதான். பகலில் சில நிமிடங்களில் கீழிறங்கும் அமிலம், இரவில் அதைவிட நெடுநேரம் உணவுக்குழாயில் தேங்கிக் கிடக்கிறது.

மூளை அதை உணர்ந்து உங்களை எழுப்புகிறது. எரிச்சலாக உணர்ந்துதான் எழ வேண்டும் என்பதில்லை. வெறும் விழிப்பாக, இருமலாக, தொண்டை அடைப்பாக, மறுநாள் கரகரத்த குரலாக மட்டும்கூடத் தெரியலாம். எதிர்த்திசையிலும் ஒரு கேடு உண்டு. தூக்கம் கெட்டவருக்கு உணவுக்குழாயின் உணர்திறன் கூடிவிடுகிறது. நன்றாகத் தூங்கியவருக்கு உறைக்காத அதே அளவு அமிலம், தூங்காதவருக்குச் சுடுகிறது. தூக்கமின்மைக்கும் அமிலத்துக்கும் தனித்தனியே மாத்திரை போட்டுவிட்டு இந்தச் சுழலைக் கவனிக்காமல் விட்டால் இரண்டுமே குணமாகாது.

முதல் படி: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

ஒரு பழைய டைரி போதும். இரவு உணவு என்ன, எத்தனை மணிக்கு, படுத்தது எப்போது, விழித்தது எப்போது, விழித்தவுடன் வாயில் புளிப்போ கசப்போ இருந்ததா, இருமல் வந்ததா, உட்கார்ந்தால் சுகமாக இருந்ததா என்று காலையில் எழுதுங்கள். இரவில் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டாம், அதுவே தூக்கத்தைக் கெடுக்கும்.

ஒரு வாரத்தில் ஒரு கோலம் தெரியும். படுத்த சில மணி நேரத்தில் விழிப்பு, தாமதமாகவோ கனமாகவோ சாப்பிட்ட நாள்களில் அது மோசமாவது, உட்கார்ந்தால் தணிவது என்றிருந்தால் அமிலத்தின் மேல் சந்தேகம் வலுக்கிறது. படுத்தவுடனேயே தூக்கம் வராமல் மணிக்கணக்கில் புரள்கிறீர்கள், வாயிலும் தொண்டையிலும் எதுவும் இல்லை என்றால் அது வேறு வகை. அப்படியானால் ஐந்தாம் படியிலிருந்து படிக்கலாம்.

சாப்பிடும் மாத்திரைகளையும் அதே டைரியில் எழுதுங்கள். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் வகை, நெஞ்சுவலிக்கான நைட்ரேட் வகை, ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவை அந்தச் சுருக்குத் தசையைத் தளர்த்தக்கூடியவை. வலி மாத்திரைகளும் இரும்புச்சத்து மாத்திரைகளும் உள்ளே புண்ணாக்கக்கூடும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை எதுவானாலும் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருங்கள்.

இரண்டாம் படி: இரவுச் சாப்பாட்டை முன்னால் நகர்த்துங்கள்

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுதான், மிகுந்த பயன் தருவதும் இதுதான். கடைசிக் கவளத்துக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மா சாப்பிடுவது ஒன்பதரை மணிக்கு. எல்லோருக்கும் தோசை ஊற்றி முடித்து, கடைசி இரண்டைத் தனக்கு ஊற்றிக்கொண்டு, தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டு, ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் பத்தேகாலுக்குப் படுக்கை. தமிழ்நாட்டில் எத்தனை அம்மாக்களின் இரவு இப்படித்தான் இருக்கிறது! கடைசியாகச் சாப்பிடுகிறவர், சாப்பிட்டவுடன் படுத்துவிடுகிறவர், அவரேதான் இரவெல்லாம் விழித்திருக்கிறார். ஆகவே இந்த மாற்றத்தை நோயாளியிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்மா ஏழு மணிக்கு முதலில் சாப்பிட்டார், மற்றவர்கள் தங்கள் தோசையைத் தாங்களே ஊற்றிக்கொண்டோம்.

வேலை முடித்து வீடு திரும்பவே ஒன்பதாகிவிடுகிறவர்கள் உணவை இரண்டாகப் பிரிக்கலாம். மாலை ஆறரைக்கு வேலை இடத்திலேயே வயிற்றுக்கு நிறைவாக ஏதாவது, வீட்டுக்கு வந்து இரண்டு இட்லியோ கொஞ்சம் இடியாப்பமோ. நிறையச் சாப்பிட வேண்டிய வேளை மதியம்தான்.

எதைச் சாப்பிடுவது என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. எண்ணெயும் கொழுப்பும் மிகுந்தவை இரைப்பையில் நெடுநேரம் தங்கும் என்பதால் இரவில் பரோட்டா சால்னா, பிரியாணி, பஜ்ஜி எல்லோருக்குமே ஆகாதவை. புளிக்குழம்பு, தக்காளி, மிளகாய், வெங்காயம் சிலருக்குத்தான் ஒத்துக்கொள்வதில்லை. டைரியில் உங்களுக்கு எது மாட்டுகிறதோ அதை மட்டும் விடுங்கள். பத்தியம் என்று எல்லாவற்றையும் ஒதுக்கி உடலை வற்றவிட வேண்டாம்.

குடிப்பதிலும் கவனம் வேண்டும். காபியும் தேநீரும் மாலை மூன்று, நான்கு மணியோடு முடியட்டும், அவை தூக்கத்தையும் கெடுப்பவை. மது சுருக்குத் தசையைத் தளர்த்தி, பின்னிரவுத் தூக்கத்தையும் உடைக்கும். புகையும் புகையிலை வெற்றிலையும் அப்படியே. பெப்பர்மின்ட் மிட்டாய் செரிமானத்துக்கு நல்லது என்று நினைக்கிறோம், அதுவும் அந்தத் தசையைத் தளர்த்துகிறது. படுக்கும் முன் குடிக்கும் பால் நெஞ்சைக் குளிர்விப்பதுபோல் இருக்கும். சற்று நேரத்தில் அதிலுள்ள புரதமும் கால்சியமும் மேலும் அமிலத்தைச் சுரக்கவைக்கும். அம்மா அந்தப் பாலை மாலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொண்டார்.

பேசப்படாத ஒன்று பாவாடை நாடா. இடுப்பை இறுக்கும் நாடாவும் பெல்ட்டும் வயிற்றின் அழுத்தத்தைக் கூட்டி அமிலத்தை மேலே தள்ளும். இரவில் தளர்வான உடை போதும். தொப்பை இருந்தால் அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. சில கிலோ குறைந்தாலே வேறுபாடு தெரியும்.

மூன்றாம் படி: கட்டிலைச் சாய்வாக்குங்கள், இடதுபக்கம் படுங்கள்

தலைக்கு மூன்று தலையணை வைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது தவறு. கழுத்தும் வயிறும் மடங்கி, அழுத்தம் கூடத்தான் செய்யும். இடுப்பிலிருந்து தலைவரை முழு உடலும் சாய வேண்டும்.

மரக்கட்டில் என்றால் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் அடியிலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு முட்டுக் கொடுங்கள். நாங்கள் முதலில் செங்கல் வைத்தோம். படுக்கவைத்த இரண்டு செங்கல் சரியாக 15 சென்டிமீட்டர் வந்தது. ஆனால் அம்மா புரண்டபோது கட்டில் நழுவியது. பிறகு தச்சரிடம் சொல்லி, கட்டில் கால் உட்காரும்படி நடுவில் குழி தோண்டிய இரண்டு மரக்கட்டைகள் செய்துவாங்கினோம். முதல் நான்கைந்து நாள் கால்மாட்டுக்குச் சறுக்குவதுபோல் இருந்தது என்றார், பிறகு பழகிவிட்டது.

பாயில் படுப்பவர்களும் சுவரோடு பதித்த கட்டில் உள்ளவர்களும் மெத்தைக் கடையில் கெட்டியான ஃபோமை முக்கோணச் சரிவாக வெட்டித் தரச் சொல்லலாம். தலைப்பக்கம் 7 அல்லது 8 அங்குல உயரம், நீளம் குறைந்தது இரண்டு அடி, அகலம் நீங்கள் புரள இடம் இருக்கும் அளவு. முதுகு முழுவதும் அதன்மேல் இருக்க வேண்டும்.

அடுத்து, படுக்கும் பக்கம். இடதுபக்கம் படுத்தால் இரைப்பையின் பெரும்பகுதி உணவுக்குழாய் சேரும் வாய்க்குக் கீழே அமைகிறது. அமிலம் குளம்போல் தாழ்ந்து நிற்கும், ஏறினாலும் விரைவில் இறங்கிவிடும். வலதுபக்கம் படுத்தால் அந்த வாய் அமிலத்துக்குள் மூழ்குகிறது. இடதுபக்கம் படு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்ததற்கு உடலமைப்பிலேயே காரணம் இருக்கிறது. தூக்கத்தில் புரளாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் ஒரு நீள் தலையணையை அண்டக்கொடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த இடதுபக்கமும் சாய்வும்தான் முதல் மருந்து. மாத்திரை எதையும் மகப்பேறு மருத்துவரைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

வயிற்றால் மூச்சு விடும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். சுருக்குத் தசையைச் சுற்றி நிற்பது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம், அதை வலுப்படுத்தினால் அமிலம் ஏறுவது குறைகிறது. வெறும் வயிற்றில் மல்லாந்து படுத்து, மார்பு அசையாமல் வயிறு மட்டும் எழுந்து தாழும்படி மெல்ல மூச்சுவிட வேண்டும். நாள்தோறும் அரை மணி நேரம்வரை போதும். மனம் அடங்குவதற்கும் இதுவே உதவும் என்பதால் தூக்கமில்லாதவர்களுக்கு இது இரட்டைப் பயன்.

நான்காம் படி: மாத்திரையைச் சரியான நேரத்தில்

மேலே சொன்னவற்றை இரண்டு வாரம் உறுதியாகச் செய்தும் போதவில்லை என்றால் மருந்து. இங்கே பெரும்பாலான தவறுகள் மருந்தில் இல்லை, நேரத்தில் இருக்கின்றன.

பான்டோபிரசோல், ஒமெப்ரசோல், ராபெபிரசோல் போன்றவை அமிலம் சுரக்கும் பம்புகளையே அடைப்பவை. உணவு வரும்போது இயங்கத் தொடங்கும் பம்புகளைத்தான் அவை பிடிக்கும். ஆகவே உணவுக்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் சாப்பிட வேண்டும். படுக்கும்போது போட்டுக்கொண்டால் பாதிப் பயன் வீண். தொல்லை இரவில் மட்டும் என்றால் காலை வேளைக்குப் பதில் இரவு உணவுக்கு முன் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அம்மாவுக்கு அப்படித்தான் மாற்றினார்கள். ஆறரைக்கு மாத்திரை, ஏழு மணிக்குச் சாப்பாடு. எரிச்சல் வந்தபோது ஒன்று என்று விழுங்குவது முழுப் பலன் தராது. வழக்கமாக 4 முதல் 8 வாரம் தொடர்ந்து கொடுத்துப் பார்ப்பார்கள்.

கடைக்காரர் தரும் அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் 'டி' என்றோ 'டி.எஸ்.ஆர்.' என்றோ இருந்தால் அதில் வாந்தியை அடக்கும் டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கிறது. அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது, அறுபது தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். 2014இல் ஐரோப்பாவில் அதன் அளவையும் நாள்களையும் கட்டுப்படுத்தினார்கள். நம் ஊரில் மாதக்கணக்கில் விழுங்குகிறோம். அது உண்மையிலேயே தேவைதானா என்று கட்டாயம் கேளுங்கள்.

மாலை மாத்திரைக்குப் பிறகும் நள்ளிரவில் அமிலம் தலைதூக்கினால், படுக்கும்போது வேறு வகை அமில மாத்திரையான ஃபமோடிடின் சேர்ப்பார்கள். தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடல் அதற்குப் பழகி வேகம் குறைந்துவிடும். தாமதமாகச் சாப்பிட நேர்ந்த கல்யாண வீட்டு இரவு போன்ற நாள்களுக்கு வைத்துக்கொள்வது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். வீட்டில் அதே வகையைச் சேர்ந்த பழைய ரானிடிடின் அட்டை கிடந்தால் எடுக்க வேண்டாம். புற்றுநோய் அபாயமுள்ள மாசு அதில் உருவாவது கண்டறியப்பட்டு 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் சந்தையிலிருந்தே நீக்கினார்கள். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022இல் அது நீக்கப்பட்டது.

ஆல்ஜினேட் கலந்த திரவ மருந்து கடற்பாசியிலிருந்து வருவது. இரைப்பையில் உள்ளவற்றின்மேல் தெப்பம்போல் மிதந்து அமிலத்தை மேலேற விடாமல் தடுக்கும். உணவுக்குப் பிறகும் படுக்கும்போதும் எடுக்கலாம், குடித்தபின் மேலே தண்ணீர் குடிக்காதீர்கள். நுரைத்து எழும் ஈனோ, சோடா உப்பு ஆகியவற்றில் சோடியம் மிகுதி. இரத்த அழுத்தக்காரர்களுக்கு அவை வழக்கமாகக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள். இதயத்துக்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் ஒமெப்ரசோலையும் எசோமெப்ரசோலையும் தவிர்க்க வேண்டும், அவை அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அமில மாத்திரை தொடங்கியபின் அது உடலில் சேருவது குறையலாம். சில வாரம் கழித்து டி.எஸ்.எச். என்னும் தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அமிலம் அடங்கியும் தூக்கம் வராவிட்டால்

அம்மாவுக்கு ஆறாவது வாரத்தில் இருமல் நின்றது, காலைப் புளிப்பும் போனது. இரண்டு மணி விழிப்பு மட்டும் போகவில்லை. நான் மனம் உடைந்துபோனேன். மருத்துவர் ஆச்சரியப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் தினமும் எழுந்த உடம்பு, எழுப்பிய காரணம் போன பிறகும் எழுந்துகொண்டிருக்கிறது என்றார்.

வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, தூக்கப் பழக்கங்களையும் அதைப் பற்றிய பயத்தையும் மாற்றும் நடத்தைவழிச் சிகிச்சை. மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் கற்றுத்தருவார்கள். அதன் சாரம் வீட்டிலும் செய்யக்கூடியது. எப்படித் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். தூக்கம் கண்ணைச் சொக்கினால் மட்டும் படுக்க வேண்டும். இருபது நிமிடம்போலத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, சொக்கும்போது திரும்பிவர வேண்டும். பகல் தூக்கம் கூடாது. அம்மாவுக்குக் கடினமாக இருந்தது சாய்வு நாற்காலியை விடுவதுதான். அங்கேதான் தூக்கம் வரும் என்று உடம்பு பாடம் படித்துவிட்டிருந்தது. நாற்காலியை மடக்கிப் பரணில் போட்டோம்.

படுக்கையில் இருக்கும் நேரத்தையே குறைத்துத் தூக்கத்தை இறுக்கும் முறையும் உண்டு. அந்த நேரம் ஐந்து மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வண்டி ஓட்டுகிறவர்கள், வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் மருத்துவர் துணையின்றி இதில் இறங்கக் கூடாது.

தூக்க மாத்திரையைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சோல்பிடெம் என்னும் தூக்க மாத்திரை கொடுத்துச் செய்த ஆய்வில், அமிலம் ஏறியும் பலர் விழிக்கவில்லை, அமிலம் உணவுக்குழாயில் அதிக நேரம் தங்கியது. அதாவது எச்சரிக்கை மணியைத்தான் மாத்திரை அணைக்கிறது, உள்ளே சுடுவது சுட்டுக்கொண்டே இருக்கும். அல்பிரசோலாம் போன்றவை பழக்கமாகிவிட்டால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அம்மாவுக்கு மருத்துவர் சொன்னபடி, கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் குறைத்தோம்.

பரிசோதனை எப்போது?

8 வாரம் மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டும் மாற்றமில்லை என்றால் வாய் வழியே குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டாஸ்கோப்பி தேவைப்படலாம். அதில் புண் எதுவும் தெரியாவிட்டால், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் அமிலத்தை அளக்கும் சோதனை உண்டு. அமிலம்தான் காரணமா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் தூங்கி வழிவது என்றிருந்தால் தூக்க மூச்சுத்தடையையும் சோதிக்கச் சொல்லுங்கள். மூச்சு அடைபடும்போது மார்புக்குள் ஏற்படும் இழுப்பு அமிலத்தையும் மேலே இழுக்கிறது. அதற்கான காற்றழுத்தக் கருவியை மாட்டிக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு எதுக்களிப்பும் குறைவதுண்டு.

மாத்திரையை நிறுத்தும்போது

நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தினால், அடக்கிவைத்த பம்புகள் வழக்கத்துக்கு மேல் சுரக்கும். சில வாரம் எரிச்சல் முன்பைவிடக் கூடுதலாக இருக்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மீண்டும் மாத்திரைக்கே போய் ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நீண்ட காலம் தொடர்ந்தால் வைட்டமின் பி12, மக்னீசியம் குறையக்கூடும். ஆகவே மருத்துவரைக் கேட்டு முதலில் அளவைக் குறைத்து, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், இடையில் எரிந்தால் ஆல்ஜினேட் என்று இறங்குங்கள். எண்டாஸ்கோப்பியில் கடுமையான புண்ணோ, உணவுக்குழாயின் உட்சவ்வு மாறியிருப்பதோ தெரிந்தவர்கள் மட்டும் நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு அது தொடர் மருந்து.

அம்மா நான்கு மாதத்தில் அமில மாத்திரையிலிருந்து வெளியே வந்தார். ஏழு மணிச் சாப்பாடு தொடர்கிறது. கட்டிலுக்கு அடியிலிருக்கும் மரக்கட்டைகளை எடுத்துவிடலாமா என்று சென்ற மாதம் கேட்டேன். தொடாதே என்று சொல்லிவிட்டார்.